தலைகீழா சொருகிட்டேன் சார்

"பென் டிரைவை எடுத்துக்க மாட்டேங்குது சார். மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன்."

போனில் லிஃப்ட் மெக்கானிக்.

"அதுக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம்னு இருக்கு. தெரியுமா?" என்றேன்.

"தெரியும் சார்."

"மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணணும், சொருகணும், அப்புறம்தான் ஆன் பண்ணணும்."

"அப்படித்தான் சார் பண்ணேன்."

"மறுபடி பண்ணுங்க." ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சட்டைப் பட்டன் போடச் சொல்லித் தருகிற குரல் எனக்கு.

லிஃப்டின் மூளை ஒரு சின்னச் சிப். அதற்குள் ஓடுகிற புரோகிராமை எழுதுவது என் உத்தியோகம். போன மாதம் எழுதியதில் ஒரு பிசகு. மூன்றாவது மாடிக்கு வந்தால் கதவு திறக்கும், மூடும், திறக்கும், மூடும். அதற்கு முந்தைய மாதப் பிசகைச் சொன்னால் நீங்கள் இனிமேல் படிக்கட்டில்தான் ஏறுவீர்கள். இப்போது எல்லாவற்றையும் திருத்தி, பென் டிரைவில் போட்டு அனுப்பியிருந்தேன். அது சிப்பில் ஏறும்வரை லிஃப்ட் ஓடாது.

"நாலாவது மாடி டீச்சரம்மாவுக்குக் கால்ல கட்டு சார். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். ஒருவேளை நீங்க அனுப்பினதுலயே ஏதாவது..."

"நான் அனுப்பினதுல ஒண்ணும் இல்லை!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"இதுவும் உன் தப்பா இருந்தா இதோட மூணு. நாளைக்கு அந்த நாற்காலியில வேற ஆள் உட்காருவான்," என்றார்.

மறுமுனையில் மெக்கானிக் இருமினார்.

"என் பக்கம் தப்பே இல்லை சார். அனுப்பறதுக்கு முன்னாடி பத்து தடவை செக் பண்ணேன்," என்றேன். ஒரு தடவைகூடப் பண்ணவில்லை.

"சரி, கிளம்பு. நேர்லயே பார்த்துடலாம்."

லிஃப்டின் மெஷின் ரூம் மொட்டை மாடியில் இருக்கும். லிஃப்ட் ஓடவில்லை என்றால் அங்கே எப்படிப் போவது என்பதை நான் யோசித்ததே இல்லை. நாலாவது மாடியில் எனக்கு நாக்கு தள்ளியது. கதவோரம் நாற்காலியில் கால்கட்டோடு டீச்சர், மடியில் லேப்டாப்.

"லிஃப்டுக்குப் புரோகிராம் எழுதறவர் நீங்கதானா?"

மூச்சு வாங்கினாலும் பெருமையாகத் தலையாட்டினேன். அவர் ஏனோ சிரித்தார்.

மெஷின் ரூமில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "ஏறிடுச்சு சார். என் தப்புதான். பென் டிரைவைத் தலைகீழா சொருகிட்டேன்."

மேனேஜர் என் தோளைத் தட்டினார். போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா?

"போன்லயே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று ஆரம்பித்தேன். பென் டிரைவை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும், சொருகும்போது மனதை எங்கே வைக்கவேண்டும் என்று பத்து நிமிடம். மெக்கானிக் "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். நானே அசந்துபோகிற மாதிரி பேசினேன்.

லிஃப்டிலேயே இறங்கினோம். டீச்சரும் ஏறிக்கொண்டார். மூன்றாவது மாடியில் கதவு ஒரே ஒரு தடவை திறந்து மூடியது.

கார் கிளம்பும்போது மெக்கானிக் ஓடி வந்தார். "பென் டிரைவை மறந்துட்டீங்க சார்." ஏதோ ஒரு தாளில் சுற்றியிருந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ரிப்போர்ட் எழுதிடு. அந்த ஆளோட கம்பெனிக்கும் ஒரு காப்பி போகட்டும்," என்றார் மேனேஜர்.

ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன். 'மெக்கானிக்குக்குப் பென் டிரைவ் சொருகப் பயிற்சி தேவை.' நல்ல வாக்கியம். இரண்டு தடவை படித்து ரசித்துவிட்டு, பென் டிரைவைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தேன். உள்ளே பேனாவில் எழுதியிருந்தது.

'சார், நீங்க அனுப்பின ஃபைலோட பேர் லிஃப்ட்.பின்.பின்னுன்னு இருந்தது. பேரோட கடைசியில ஒரு பின் இருந்தாத்தான் சிப் எடுத்துக்குமாம். டீச்சரம்மா லேப்டாப்ல போட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. கடைசியில இருக்கிற பின்னைச் சில கம்ப்யூட்டர் மறைச்சுடுமாம். அது தெரியாம நீங்க இன்னொரு பின் சேர்த்துட்டீங்களாம். ஒரு பின்னை எடுத்ததும் ஏறிடுச்சு. போன்ல உங்க மேனேஜர் பேசினது என் காதுலயும் விழுந்தது. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் சார். உங்க வேலை போகக்கூடாது.'

எனக்குக் காது சுட்டது. ஒரு பின்னுக்குப் பின்னால் இன்னொரு பின். அதைப் பத்து தடவை செக் பண்ணியவன் நான்!

ரிப்போர்ட்டில் 'மெக்கானிக்குக்கு' என்பதை அழித்துவிட்டு 'எனக்கு' என்று போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். வேலை போனால் போகட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி அனுப்பினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நிஜத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் பட்டனை அழுத்தினேன். அவமானம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

தாளை மடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். அதன் பின்பக்கத்திலும் எழுதியிருந்தது.

'தலைகீழா சொருகினா பென் டிரைவ் உள்ளேயே போகாதுன்னு நல்லாத் தெரிஞ்சும், மேனேஜருக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு பத்து நிமிஷம் என்னமா நடிச்சீங்க சார்!'