கணக்குக்கு ஏ.பி.

‘ரூபா – ஏ.பி.’

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கணக்குப் பரீட்சை மார்க் வந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் எண். பூபதியின் மகளுக்கு மட்டும் இரண்டு எழுத்து. ஆப்சென்ட் என்பதை அப்படிச் சுருக்கிப் போடுகிறார்களாம்.

சுருக்கம் பூபதிக்குப் புதிதல்ல. ஓ.டி., பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று ஃபேக்டரியில் அவன் பிழைப்பே எழுத்து எழுத்தாகத்தான் ஓடுகிறது. ஆனால் இந்த இரண்டு எழுத்தை அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான். பரீட்சை அன்று அவளைப் பைக்கில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டதே அவன்தான்.

“எங்கடி போன?”

“ஸ்கூல்லதாம்ப்பா இருந்தேன்.”

“அப்புறம் எதுக்கு ஏ.பி.ன்னு போட்டிருக்காங்க?”

விட்டான் ஓர் அறை. கன்னம் வீங்கியதே தவிர, அவள் வாய் திறக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே பள்ளிக்கு வந்தான். ‘பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று வாசலை மறைத்து ஒரு ஃபிளெக்ஸ். பள்ளிக்கூடமா, கல்யாண மண்டபமா என்று எரிச்சலாக வந்தது.

ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் அருணா தனியாக இருந்தார்.

“ஒன்பதாவது படிக்கிற பொட்டப்புள்ளைங்க டீச்சர்! கேட்டுக்குள்ள விட்டுட்டுப் போறேன், பரீட்சைக்கு வரலைங்கிறீங்க. ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டுனா கர்நாடகா. பஸ் ஏறிப் போயிருந்தா நான் எங்கன்னு தேடறது? ஃபீஸுக்கு மட்டும் மெசேஜ் மேல மெசேஜ் போடறீங்க, இதுக்கு ஒரு போன் பண்ண மாட்டீங்களா?”

“மெதுவாப் பேசுங்க சார்.”

“எதுக்கு மெதுவா? பிரின்சிபாலைக் கூப்பிடுங்க!”

டீச்சர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“ரூபா வந்தா சார். பரீட்சையும் எழுதினா. நூத்துக்கு ஏழு.”

“அப்படின்னா ஏ.பி.ன்னு...”

“ஏழுன்னு போட்டா ஒன்பதாவதோட டி.சி. கொடுத்து அனுப்பிடுவாங்க. வாசல்ல இருக்கிற ஃபிளெக்ஸ் அப்படித்தான் சார் வருது. வரலைன்னு போட்டா, மறுபடி பரீட்சை வைக்கலாம். அதான் போட்டேன். தினம் சாப்பாட்டு நேரத்துல அவளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டிருக்கேன்.”



“என்கிட்டகூட அவ சொல்லலையே டீச்சர்.”

“வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்னு பயந்திருப்பா.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “காலையில கன்னம் வீங்கி வந்தா. என்னடீன்னு கேட்டேன். கதவு இடிச்சிடுச்சுன்னா.”

அந்த நேரம் பார்த்து, கதவைத் தள்ளிக்கொண்டு பிரின்சிபால் வந்தார்.

“யாரு இங்க கத்தினது? பொண்ணை நீங்களே கொண்டுவந்து விட்டதாச் சத்தம் கேட்டுச்சே! அன்னைக்கு அவ ஸ்கூலுக்கு வந்தாளா, வரலையா?”

டீச்சரின் முகம் வெளுத்துப் போனது.

“வரலைங்க மேடம்” என்றான் பூபதி. “காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்தா. நைட் ஷிஃப்ட் பார்த்த தூக்கத்துல நாந்தான் கிழமையை மாத்திச் சொல்லிட்டேன்.”

“பெத்த பொண்ணு ஸ்கூலுக்குப் போனாளா இல்லையான்னுகூடத் தெரியாம, டீச்சர்கிட்ட வந்து கத்தறீங்க! நீங்கல்லாம் ஒரு அப்பாவா?”

முந்தின நாள் ரூபா நின்ற மாதிரியே, வாய் திறக்காமல் நின்றான் பூபதி.