ஆட்சேபணை இல்லை

துப்பாக்கி உரிமத்துக்கு மனு போட்டுவிட்டு மூன்று மாதமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான் கணவன். இன்றுதான் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார்.

“வீட்டுல சண்டை சச்சரவு ஏதாவது உண்டா?”

“மூச்! சத்தமாப் பேசினதுகூட இல்ல சார்.”

“குடிப்பழக்கம்?”

“டீயைத் தவிர எதையும் தொடமாட்டேன்.”

“கை நீட்டுறது?”

“பன்னெண்டு வருஷத்துல ஒரு அடி அடிச்சிருப்பேனா? அவளையே கேளுங்க.”

சமையலறை வாசலில் நின்ற மனைவி, சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அவர் சொல்றது சரிதான் சார்.”

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். கணவன் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

“துப்பாக்கி எப்ப சார் கைக்கு வரும்?”

“அடுத்த வாரம் உரிமம் வந்துடும். அதைக் காட்டிக் கடையில வாங்கி, பதினஞ்சு நாளுக்குள்ள ஸ்டேஷன்ல பதிவு பண்ணணும். துப்பாக்கிப் பெட்டிச் சாவி உரிமக்காரர்கிட்டதான் இருக்கணும். வேற யாரும் தொடக்கூடாது.” அதிகாரி எழுந்து மனைவியின் பக்கம் திரும்பினார். “மறந்துடாதீங்கம்மா.”

“அவகிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?”

“உங்க மனுதான் போன மாசமே தள்ளுபடி ஆயிடுச்சே, அந்தப் பழைய அடிதடி கேஸால. இது அம்மா போட்ட மனு. ஒரே வீட்டுல இருக்கறதால உங்க சம்மதமும் வேணும், அதான் வந்தேன்.”

கணவன் தாளைப் பிடுங்கிப் பார்த்தான்.

‘துப்பாக்கி கேட்கும் காரணம்: உயிருக்குப் பயம்.’

அடுத்த வரியில், ‘கணவருக்கு ஆட்சேபணை இல்லை.’

அதற்குக் கீழே, மைகூடக் காயாமல், அவன் கையெழுத்து.