அம்மாவுக்கும் சேர்த்து

தேயிலைக் காட்டில் உண்ணி கடித்த இடத்தில் அம்மா சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு மறுநாளே கொழுந்து பறிக்கப் போனாள். சில மாதங்களில் நோய் நரம்புகளில் ஏறி, தானாக மூச்சு வருவது அவளுக்கு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் அவள் மார்புக்குள் ஒரு கருவியும் என் மார்பின் மேல் ஒரு பட்டையும் பொருத்தினார்கள். நான் மூச்சு விட்டால் அவளும் விடுவாள்.

பள்ளியில் நான் ஓட்டப்பந்தயம் ஓடிய அன்று, அம்மா கட்டிலில் கிடந்தபடி நாய்போல இரைத்தாளாம். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை.

நேற்று தோழி ஜெசிந்தா வந்து ஹெட்மாஸ்டரைப் போல நடந்து காட்டினாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அம்மாவின் உதடு நீலமானது. ஜெசிந்தா பயந்து ஓடிவிட்டாள். இன்று காலை அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"புனிதா, செக்டேம் தண்ணிக்குள்ள மூச்சடக்கி முங்கிக் கெடப்பியே, நாந்தான் ஜெயிச்சேன்னு?"

"அதுக்கென்னம்மா இப்ப?"

"அந்த மாதிரி ஒருக்கா அடக்குடி. நான் போயிர்றேன். நீ பள்ளிக்கொடம் போ."

"சும்மா படும்மா."

அழுகை முட்டியது. அழுதால் அவளுக்குத் திணறும். எண்ணி எண்ணி மெதுவாக மூச்சை இழுத்து விட்டேன். அம்மா வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் மார்பு என்னோடு ஏறி இறங்கியது.