வாய் திறக்காத கொலு

"கேட்டியோடி கமலா? அவாத்துக் கொலுவுல பாட்டு கிடையாதாம். வாயையே தெறக்கப்படாதாம்."

குங்குமச் சிமிழோடு வந்து அழைத்துவிட்டுப் போன விஷ்ணுப்ரியா தெருமுனை திரும்புவதற்குள், சுப்புலக்ஷ்மி பக்கத்து வீட்டுக் கமலாவிடம் பொரிந்து தள்ளிவிட்டாள்.

திருவனந்தபுரத்தில் வேறு எங்கே எப்படியோ, கரமனை அக்ரஹாரத்தில் கொலு என்றால் பாட்டுதான். பார்க்க வந்தவளை ஒரு பாட்டாவது பாடவைக்காமல் வெற்றிலை பாக்குத் தட்டை எடுப்பதில்லை. கழுதைக்குப் போட்டியான குரலாக இருந்தாலும் விடமாட்டார்கள். 'அம்பாளுக்குன்னு ரெண்டு வரி' என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள்.

விஷ்ணுப்ரியா அதற்குப் பதில் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். பியூட்டிஃபுல், பவர்ஃபுல் என்பதுபோல 'ஃபுல்' என்று முடிகிற இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை மனசில் நினைத்துக்கொண்டு, அதன் அர்த்தத்தை நடித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்து ஸ்லேட்டில் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். வாசலுக்குள் நுழைந்ததிலிருந்து யாரும் பேசக் கூடாது.

அவளுக்கு ஊருக்கு வெளியே கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தெருவிலேயே பெரிய கொலு வைக்கிற வீட்டுப் பையன் ஹரிஷங்கரைக் கட்டிக்கொண்டு நேற்றுத்தான் இந்தத் தெருவுக்கு வந்த மாதிரி இருக்கிறது. அதற்குள் அம்பாளுக்கே இங்கிலீஷ் டியூஷன் எடுக்கக் கிளம்பிவிட்டாள் என்று தெருவே சிரித்தது.

சுப்புலக்ஷ்மிக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. இந்தத் தெருவில் முதல் பாட்டு எப்போதும் கோமதி மாமியுடையது. மாமி கல்யாணியில் ஆரம்பித்தால் தெருவில் போகிற ஆட்டோகூட மெதுவாகப் போகும். ஆடியில், கர்க்கடக மாதம், தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மாமி வீட்டுப் படி இறங்குவதில்லை. இத்தனை வருஷம் இரண்டாவதாகப் பாடிய சுப்புலக்ஷ்மிக்கு, பாவம்தான் என்றாலும், இந்த வருஷம் முதல் பாட்டு. அதுவும் ஊரே கூடுகிற விஷ்ணுப்ரியா வீட்டில். அந்த நேரம் பார்த்து வாயில் பூட்டா?

"நான் பாடத்தான் போறேன்," என்று கமலாவிடம் சொன்னாள். "என் டர்ன் வரட்டும். கல்யாணியில எடுப்பேன், நீ கூடச் சேர்ந்துக்கோ. அம்பாளை விடவா அவ ரூல் பெருசு?"

இரண்டு நாள் வெந்நீரும் பனங்கற்கண்டுமாகத் தொண்டையைத் தேற்றிக்கொண்டு போனாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. ஆளுக்கொரு தொன்னையில் சுண்டலும், சாலைக் கடைத்தெருவில் மொத்தமாக வாங்கிய ஸ்லேட்டும் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி வீடெல்லாம் சாவியைத் தேடிவிட்டுக் கடைசியில் இடுப்பிலிருந்தே எடுத்தாள். 'ஃபர்கெட்ஃபுல்' என்று ஸ்லேட்டுகள் உயர்ந்தன. சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் தோள் குலுங்கியது. சுப்புலக்ஷ்மி மட்டும் சிரிக்காமல் தன் முறைக்குக் காத்திருந்தாள்.

அப்போது மருமகளோடு கோமதி மாமி வந்தாள்.

பட்டுப்புடவை, தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். யாரும் 'வாங்கோ' என்று சொல்லவில்லை, பேசக் கூடாதே. கும்பிட்டார்கள், நகர்ந்து இடம் விட்டார்கள். மாமியும் எல்லாரையும் போலப் பேசாமல் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

மாமியின் முறை வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். விரல்கள் எண்ணின, மேலே போகிற இடத்தில் தலை லேசாகச் சாய்ந்தது. எந்தப் பாட்டு என்று அங்கே தெரியாதவர் யாரும் இல்லை. வருஷா வருஷம் கேட்ட அதே கல்யாணி. பாட்டு முடிகிற வரைக்கும் ஒருத்தியும் ஸ்லேட்டைத் தொடவில்லை. அப்புறம்தான் 'ட்யூன்ஃபுல்' என்று எழுதித் தூக்கினார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள், சுப்புலக்ஷ்மியின் காதோடு காதாகச் சொன்னாள்.

"ஆபரேஷன்ல அம்மாக்குக் குரல் மொத்தமா போயிடுத்து மாமி. யார் வந்து அழைச்சாலும் வரமாட்டேன்னு ஒரே அழுகை. எல்லாரும் பாடற எடத்துல ஊமையா ஒக்காரணுமேன்னு. விஷ்ணுப்ரியா வந்து, எங்காத்துல யாருமே வாயைத் தெறக்க மாட்டா மாமின்னு சொன்னப்புறமாக்கும் புடவையைக் கையில எடுத்தா."

 சுப்புலக்ஷ்மியும்தான் தன் வீட்டுக் கொலுவுக்கு மாமியை அழைக்கப் போயிருந்தாள். 'பாடாட்டா என்ன, சும்மா வந்து ஒக்காருங்கோ' என்று சொல்லிவிட்டு வந்தாள். அதையே பெரிய உபசாரமாக நினைத்திருந்தாள்.

விஷ்ணுப்ரியா அவளைப் பார்த்துக் கை காட்டினாள், அடுத்தது நீங்கள் என்று.

கமலா தொடையில் கிள்ளினாள், ஆரம்பி என்று.

கல்யாணி தொண்டை வரை வந்து நின்றது. நடித்துக் காட்ட ஒரு வார்த்தையும் தயாராக இல்லை. சுப்புலக்ஷ்மி தொன்னையிலிருந்த சுண்டலை ஒரு பிடி அள்ளி அப்படியே வாயில் போட்டு அடைத்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பி, உதடு மூட மாட்டேன் என்றது. கண்ணில் தண்ணீர் வேறு.

ஸ்லேட்டுகள் ஒன்றாக உயர்ந்தன. எல்லாவற்றிலும் 'மௌத்ஃபுல்'. கோமதி மாமியின் ஸ்லேட்டிலும் அதேதான். மாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விவரம் தெரியாத கமலா இன்னொரு தரம் கிள்ளினாள். சுப்புலக்ஷ்மி பாடவில்லை என்றால் தானே ஆரம்பித்துவிடுவாள் போல, தொண்டையைச் செருமவும் செய்தாள்.

சுப்புலக்ஷ்மி இன்னொரு பிடி சுண்டலை அள்ளினாள். அதைக் கமலாவின் வாயில் அடைத்தாள்.