பாதியில் நின்ற முள்

"இக்னிஷன் பார்ட்ஸ் மாத்தச் சொன்னா எஞ்சினையே மாத்திட்டியா? முன்னெல்லாம் இந்த உறுமலுக்கு முள்ளு ஆறாயிரத்துல நிக்கும். இப்போ மூவாயிரம்தான் காட்டுது!"

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஆர்.பி.எம். மீட்டரைத் தட்டித் தட்டிக் கத்தினார் சொந்தக்காரர். ஷெட்டுக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, மெக்கானிக்குக்குக் கூசிப்போனது.

"சார், இப்பத்தான் சரியா காட்டுது. மீட்டர் பின்னாடி, எத்தனை சிலிண்டர்னு செட் பண்ற சுவிட்சை யாரோ தப்பா வச்சிருந்தாங்க. அதனால டபுளா காட்டிட்டு இருந்துச்சு. வயரிங் பண்ணும்போது நான்தான் சரி பண்ணேன்."

"யாருக்குய்யா காது குத்துறே? பார்ட்ஸைத் திருடிட்டுக் கதை விடுறியா?"

"இந்தாளை நம்பாதீங்க. முன்ன இருந்த மாதிரியே வைக்கச் சொல்லுங்க!" அவர் மனைவி இன்னும் ஒரு படி மேலே எகிறினார்.

போன் வந்து கணவர் வெளியே போனதும் அந்தம்மாவின் குரல் தழைந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணே. போன வருஷம் ஆக்சிடென்ட்டுல இவர் பொழச்சதே பெரிசு. அப்புறம்தான் அந்த சுவிட்சைத் திருப்பி வச்சேன். முள்ளு சிவப்புக் கோட்டைத் தொட்டாத்தான் இவர் ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுப்பாரு."

கணவர் திரும்பி வந்தார். "என்னய்யா, என்ன சொல்றே?"

"தப்பு என்மேலதான் சார்" என்றார் மெக்கானிக். "அஞ்சு நிமிஷம் கொடுங்க. பழையபடி ஆறாயிரம் காட்டும்."