பருந்துக்கு மேலே ஒரு கோழி

செவலைக் கோழியால் கூரைக்கு மேலே பறக்க முடியாது. அதனாலேயே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு என்றால் அதற்கு உயிர். நம் தலை திரும்பினால் திரையில் காட்சியும் திரும்புகிற கருவி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் காகத்தின் கடைக்கு ஓடியது.

அங்கே ஆந்தை, இருப்பதிலேயே விலை கூடிய தொப்பிக் கருவியை மாட்டிக்கொண்டு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தது. கழுத்தை முதுகுப்பக்கம் வரை திருப்பி, "அடடா, என்ன மேகம்! இதையே வாங்கு தங்கச்சி" என்றது. திரை முன்னால் இருக்க, அது பார்த்துக்கொண்டிருந்தது பின்னால் இருந்த கடையின் சுண்ணாம்புச் சுவரை. காகம் வியாபாரியாயிற்றே, வாயே திறக்கவில்லை.

கோழி, தலையசைவைக் கவனிப்பதற்காக இன்னொரு திரைமேல் உட்கார்ந்திருந்த குட்டிக் கேமராவைக் காட்டி, "இதைப் போடு அண்ணே" என்றது. இடதும் வலதுமாகச் சாய்ந்து பார்த்தது. காட்சி அசையவே இல்லை.

"இது பழுதா?"

"உடம்புதான் ஆடுது தங்கச்சி, தலை நட்டுவச்ச மாதிரி நிக்குதே! கோழிப் பழக்கம் போகுமா?" என்று காகம் சிரித்தது. "தலையை லேசா அசைச்சாப் போதும்."

அந்த நேரம் பார்த்து விளையாட்டுக்குள் ஒரு பருந்து கத்தியது. கோழி வழக்கம்போலப் பதறி அண்ணாந்தது. காட்சியும் மேலே போனது. வெறும் நீல வானம். மெல்லத் தலையைக் குனிந்தது. கீழே, வெகு கீழே, பருந்து கடுகு மாதிரி வட்டமடித்துக்கொண்டிருந்தது.

கோழிக்குச் சிறகெல்லாம் சிலிர்த்தது.

"இதையே எடுத்துக்கறேன் அண்ணே" என்றது. பிறகு திரைக்குள் குனிந்து உரக்கக் கேட்டது: "என்ன பருந்தாரே, கீழேயிருந்து பார்த்தா நான் எப்படி இருக்கேன்?"