நாலு கம்பியில் ஒரு தோல்

நல்லமுத்து தன் தப்பு மேளத்தை உரச்சாக்கில் சுற்றி, வேனின் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

மண்டப வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் யோகேஸ்வரன். பெண்ணுக்குத் தாய்மாமன். நுவரெலியாவில் ஹாட்வெயார் கடை. கல்யாணச் செலவில் பாதி அவருடையது என்பதால் பேச்சு முழுக்க அவருடையது.

"கோவிச்சுக்காதீங்க. சாவு வீட்டுச் சத்தம் கல்யாணத்துக்கு எதுக்கு? எங்க ஆளுங்ககிட்ட அந்தப் பழக்கமே கெடையாது."

"சரிங்க மொதலாளி," என்றார் நல்லமுத்து.

அவர் வீட்டு மாப்பிள்ளை எவனும் தப்படி இல்லாமல் பந்தலுக்குள் கால் வைத்ததில்லை. இன்று அவர் மகன் விஜிதரன் வைக்கப் போகிறான்.

மேடையில் மகள் சுலக்ஷனா குந்தியிருந்து, கிட்டார்ச் சத்தத்தை மாற்றும் பெடல்களுக்கு வயர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹட்டன் பக்கத்துக் கல்யாணங்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவள். தம்பி கல்யாணத்துக்கும் அவள் குழுதான்.

தப்பு வரக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். பேஸ் கிட்டாரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி வாசலில் கால் வைக்கும்போது அந்தக் கிட்டாரிலிருந்து தப்படி கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சைக் கிழித்துக் கம்பிகளுக்கு அடியில் செருகினாள்.

"அக்கா, இன்னைக்குக் கச்சேரியா, சமையலா?" என்றான் கீபோர்ட் அன்டன்.

அவள் சிரிக்கவில்லை. வேலை விட்டு வந்து தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் மூன்று வாரம் இதோடு மல்லுக்கட்டியிருந்தாள். ஸ்பொஞ்ச் வைத்தால் கம்பியின் இழுவை செத்து, அடி மட்டும் மிஞ்சும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்அப் இரண்டு. கழுத்துப் பக்கம் இருப்பதில் தடித்த குச்சியின் கனம் கிடைத்தது. மற்றதில் சிண்டுக்குச்சி, அந்த நீண்ட மெல்லிய குச்சி, தோலில் சுள்ளென்று விழுகிற சத்தம்.

ஃபில்டர் பெடல்தான் நெருப்பு.

மலைப்பனியில் தப்பின் தோல் தொய்ந்துவிடும். காகிதம் கொளுத்தி, அந்தச் சூட்டில் காட்டிக் காட்டித்தான் விறைக்க வைப்பார்கள். இங்கே ஒரு திருகைத் திருப்பினால் ஆயிற்று.

முதல் வாரம் "தவள கத்துது" என்ற அப்பா, மூன்றாவது வாரம் வெளியே போய் மூக்கைச் சிந்தினார்.

நாதஸ்வரம் ஓய்ந்தது. விஜிதரன் வாசலுக்கு வந்தான்.

சுலக்ஷனா அடித்தாள்.

லயத்து அறையில் கேட்ட சத்தம் வரவில்லை. இந்தப் பெரிய தகரக் கூரைக்குக் கீழே தடித்த அடி மட்டும் வீங்கி, ஈரச் சாக்கைக் கட்டையால் அடிப்பதுபோல் தொம் தொம்மென்றது. மெல்லிய குச்சி எங்கேயோ அமுங்கிக் கிடந்தது.

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மற்றக் காலை எடுக்காமல் நின்றான். மூலை நாற்காலியில் அப்பாவின் தலை தாழ்ந்தது.

குனிந்து திருகைத் திருப்ப வேண்டும். ஒரு கையை எடுத்தாலும் அடி நின்றுவிடும். நின்றால் அதோடு சரி.

முன்வரிசையிலிருந்து யோகேஸ்வரன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மேடையில் ஏறினார்.

கண்டுபிடித்துவிட்டார். வயரைப் பிடுங்கத்தான் வருகிறார்.

பிடுங்கட்டும். பிடுங்கும்வரைக்கும் அடிப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

அவர் அவள் காலடியில் குந்தினார்.

"சிண்டே கேக்கல. எந்தத் திருகு?"

அவள் காலால் ஃபில்டர் பெடலைக் காட்டினாள்.

அவர் திருப்பினார். காதைச் சாய்த்து, இன்னும் ஒரு நூல்.

சுள்!

கூரைத் தகரம் அதிர்ந்தது. பின்வரிசையில் வட்டவளைத் தோட்டத்துப் பொம்பளைகள் முதலில் எழுந்தார்கள். காலையில் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்தவர்கள், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு ஆட இறங்கினார்கள். எவனோ விசிலடித்தான். கோட்டுப் போட்ட பெண் வீட்டுக்காரர்கள் முதலில் தோளை ஆட்டினார்கள், பிறகு கோட்டைக் கழற்றினார்கள். விஜிதரன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே உள்ளே வந்தான். மணவறையில் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சுலக்ஷனாவின் நெஞ்செலும்பில் அடி ஏறி இறங்கியது. மூன்று வாரமாகத் தேடிய சத்தம். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

யோகேஸ்வரன் மேடையை விட்டு இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"தோல் இன்னும் காயல, புள்ள."

அந்தப் பெடலில் தோல் இருப்பதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவருடைய இடது கை மார்போடு மடங்கியிருந்தது. இல்லாத ஒரு மெல்லிய குச்சியை விரல்கள் பிடித்திருந்தன. அடிக்கு அடி அது விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

மூலை நாற்காலி காலியாகக் கிடந்தது.

வாசலில் நல்லமுத்து நின்றார். தோளில் உரச்சாக்கு. கையில் தப்பு.

"சம்பந்தி!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினார். "தீப்பெட்டி இருக்கா?"